61ஆம் வரி

பெரியம்மா மகனை எங்கள் வீட்டில் எல்லோரும் பெரியண்ணா என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் அவர் வீடு மாறினார். சாமான் கட்ட உதவிக்குப் போனபோது அலமாரிக்கு அடியில் ஒரு ஷூ பெட்டி அகப்பட்டது. உள்ளே கல்லூரிக் காலத்து ரசீதுகள், காலாவதியான ரயில் பாஸ், கூடவே ஒரு வருமான வரிப் படிவத்தின் நகல். 2015ஆம் ஆண்டுக்கான 1040 படிவம். அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில், இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை.

61ஆம் வரி. தொகை 296 டாலர்.

"என்னண்ணா இது?"

"இன்சூரன்ஸ் இல்லாம இருந்ததுக்கு ஃபைன். கடைக்குள்ள போயி ஒண்ணும் வாங்காம வெளிய வந்தா, வாசல்ல நிறுத்திக் காசு கேட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு."

இதே மாதிரி ஒரு கேள்வியை 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் கேட்டார், ஒரு காய்கறியை வைத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் காகிதத்தில் இருக்கும் கோடும் வரிதான், அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரிதான். இந்தக் கதைக்கு இந்தச் சொல் அவ்வளவு பொருந்துகிறது. படிவத்தில் இருந்த 61ஆம் வரி உண்மையில் 'வரி'தானா என்ற ஒரே கேள்வியில் ஒரு நாட்டின் மருத்துவச் சட்டமே தொங்கிக்கொண்டிருந்த நாள் ஒன்று உண்டு. 2019க்குப் பிறகு முதல் சம்பளம் வாங்கியவர்கள் மத்திய அரசின் படிவத்தில் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது வந்ததும் போனதும் உங்கள் பள்ளிக்கூட நாட்களுக்குள் முடிந்துவிட்டது.

பெரியண்ணா அதில் எப்படி மாட்டினார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 மார்ச்சில் அவருக்கு 26 வயது ஆனது. அதுவரை பெரியப்பாவின் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தார். பிள்ளைகள் 26 வயது வரை அப்பா அம்மாவின் காப்பீட்டில் இருக்கலாம் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சலுகை. மார்ச் 31ஆம் தேதியோடு அது நின்றது. அண்ணாவுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் சொந்தத் தொழில், ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் வருமானம். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம் காப்பீடு இல்லாமல் இருந்தார். அந்த ஆண்டின் கணக்கு இப்படி: ஒரு பெரியவருக்கு 325 டாலர், அல்லது ரிட்டர்ன் போட வேண்டிய வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 2 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. அவருக்கு முழு ஆண்டுக்கு 394 வந்தது, ஒன்பது மாதத்துக்கு 296. பெரியப்பாவிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

ஆசிரியர்களின் ஐம்பது சென்ட்

எல்லா நாட்டிலும் காய்ச்சல் வருகிறது. இந்த நாட்டில் மட்டும் மருத்துவம் ஏன் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? 1929இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் பேலர் மருத்துவமனை ஒரு ஏற்பாடு செய்தது. பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால், தேவைப்படும்போது ஆண்டுக்கு 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் மற்ற மருத்துவமனைகளும் இதைப் பிடித்துக்கொண்டன. இன்று நம் பர்ஸில் இருக்கும் 'புளூ கிராஸ்' கார்டின் முன்னோர் அந்த ஆசிரியர்கள்தான்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். 1942இல் அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத காலம். ஆனால் கூடுதல் சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்கவும் வழியில்லை. இன்சூரன்ஸ் சம்பளத்தில் சேராது என்று விலக்கு இருந்ததால், கம்பெனிகள் அதைக் கொடுத்து ஆள் சேர்த்தன. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்பதை 1954ஆம் ஆண்டு வரிச் சட்டம் உறுதியாக்கியது. போர்க்காலத்துக்குப் போட்ட ஒட்டு நிரந்தரச் சுவராகிவிட்டது. நம் அப்பா அம்மாக்கள் எச்-1பி விசாவில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் அவர்கள் கையில் கிடைத்த இன்சூரன்ஸ் கார்டுக்கும், வேலை போனால் அந்தக் கார்டும் போய்விடுமே என்று அவர்கள் பட்ட பயத்துக்கும் மூலம் அங்கே இருக்கிறது.

1965இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் வந்தன. மிச்சம் இருந்தவர்கள் யார்? சின்னக் கடை வைத்திருப்பவர், ஒப்பந்த வேலை செய்பவர், வேலை இழந்தவர், பாட்டுக்காரர், கல்யாண வீடியோ எடுப்பவர்.

அவர்கள் நோயில் விழுந்தால்? 1986இல் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, எமர்ஜென்சிக்கு வரும் யாரையும், கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல், பரிசோதித்து ஆபத்திலிருந்து மீட்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அது சொல்லவில்லை. கட்ட முடியாதவரின் பில் ஏதோ ஒரு வழியில் மற்றவர்கள் தலையில் ஏறியது. அபராதம் என்ற எண்ணத்தின் விதை இந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் விழுந்தது என்றே எனக்குப் படுகிறது. சாகவிட மாட்டோம் என்று ஒரு நாடு சொல்லிவிட்ட பிறகு, செலவை யார் தாங்குவது என்ற பேச்சு வந்துதானே ஆக வேண்டும்.

மொய் நோட்டு

மொய் எழுதுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் எல்லோரும் ஒரு தொகை எழுதுவார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் அது திரும்பி வரும். இப்போது ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் மொய் வாங்கிக்கொண்டு, வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்தால் ஊர்ப் பேச்சோடு போகும். பாதி ஊர் அப்படிச் செய்தால் நோட்டை மூடிவிட வேண்டியதுதான்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். நோய் வந்த பிறகு மட்டும் சேரலாம் என்றால் எல்லோரும் அப்போதுதான் சேர்வார்கள். கம்பெனிகள் இதற்கு வைத்திருந்த வழி கொடூரமானது. தனியாக இன்சூரன்ஸ் வாங்க வருபவரிடம் முதலில் நோய் வரலாறு கேட்பார்கள். சர்க்கரை இருக்கிறதா, வேண்டாம் போ. இதயத்தில் கோளாறா, போ. நம் ஆட்களின் வீடுகளில் சர்க்கரை மாத்திரை இல்லாத அலமாரி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அந்த விதி யாரை வெளியே நிறுத்தியது என்பது புரியும்.

சரி, யாரையும் மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் போதாதா? எங்கள் நியூ ஜெர்சி அதைச் செய்து பார்த்தது. 1992இல் இயற்றிய சட்டத்தின்படி நோயாளி என்று யாரையும் தள்ளக் கூடாது, நோயைக் காட்டி அதிக விலை கேட்கவும் கூடாது. ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முதலில் கூட்டம் சேர்ந்தது. பிறகு பிரீமியம் ஏறியது. ஏறியதும் இளைஞர்கள் நழுவினார்கள். அவர்கள் போனதும் இன்னும் ஏறியது. 1995க்கும் 2001க்கும் நடுவில் அந்தச் சந்தையில் இருந்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. மொய் நோட்டில் வாங்குகிறவர்கள் பெயர் மட்டும் மிஞ்சிய கதை.

யார் வீட்டுப் பிள்ளை

ஆரோக்கியமானவர்களையும் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்ற யோசனை ஒபாமாவுடையது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1989இல் அதை விரிவாக முன்வைத்தது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு நிறுவனம். எழுதியவர் ஸ்டூவர்ட் பட்லர். அவர் வாதம் ஏறக்குறைய நான் மேலே சொன்னதுதான்: நீ தெருவில் அடிபட்டுக் கிடந்தால் சமூகம் உன்னைக் காப்பாற்றும், ஆகவே அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்வது உன் பொறுப்பு. 1993இல் கிளின்டன் கொண்டுவந்த திட்டம், சுமையை முதலாளிகள் மேல் போட்டது. அதற்குப் பதிலாக ஜான் சேஃபி என்ற குடியரசுக் கட்சி செனட்டர் தனிநபர் மேல் கடமையை வைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பாப் டோல் உட்படப் பல குடியரசுக் கட்சிக்காரர்கள் அதன் கீழ் பெயர் போட்டார்கள். இரண்டும் நிறைவேறவில்லை.

முதலில் நடத்திக் காட்டியது மாசசூசெட்ஸ். 2006 ஏப்ரல் 12 அன்று பாஸ்டனின் ஃபேனல் ஹாலில் ஆளுநர் மிட் ராம்னி கையெழுத்திட்டார். அவர் குடியரசுக் கட்சி. அருகில் நின்றவர் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி. 2007ஆம் ஆண்டு வரிக் கணக்கில், காப்பீடு இல்லாதவர்கள் 219 டாலர் மதிப்புள்ள வரிச் சலுகையை இழந்தார்கள். அமெரிக்காவில் காப்பீடு இல்லாததற்காக வரிப் படிவம் வழியாக விழுந்த முதல் அடி அதுதான்.

2008 தேர்தலில் இன்னொரு வேடிக்கை. ஹிலரி கிளின்டன் கட்டாயம் வேண்டும் என்றார், ஒபாமா வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடும் என்றால், எல்லோரும் வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டு வீடற்றவர் பிரச்சினையைத் தீர்த்துவிடலாமே என்று கிண்டல்கூடச் செய்தார். ஜனாதிபதியாகிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் மாறினார். நோயாளியை மறுக்காதே என்ற விதி, வசதியில்லாதவருக்கு மானியம், எல்லோரும் சேர வேண்டும் என்ற கட்டாயம், மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட இல்லாமல், பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற கணக்கில் மசோதா தேறியது. 2010 மார்ச் 23 அன்று கையெழுத்து. பெற்ற பிள்ளையை ஒரு கட்சி கைவிட, மறுத்தவர் தூக்கி வளர்த்த கதை.

அபராதம் 2014இல் தொடங்கியது: 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம். 2015இல் 325 அல்லது 2 சதவீதம். 2016இல் 695 அல்லது 2.5 சதவீதம். பிள்ளைகளுக்குப் பாதி. மூன்று மாதத்துக்குக் குறைவான இடைவெளிக்குக் கிடையாது. ரிட்டர்ன் போடும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், சிறையில் இருப்பவர்கள், பூர்வகுடிகள், ஆமிஷ் போன்ற மதப் பிரிவினர் எல்லோருக்கும் விலக்கு. நம் தாத்தா பாட்டி ஆறு மாதம் வந்து தங்கிப் போவார்களே, அவர்களையும் இது தொடவில்லை. ஆனால் எச்-1பியில் இருந்து, வரிக் கணக்கில் இங்கே குடியிருப்பவராக எண்ணப்படுபவரைத் தொட்டது.

கட்டாவிட்டால்? ஒன்றும் பெரிதாக இல்லை. கிரிமினல் வழக்குப் போடக் கூடாது, சிறை கிடையாது, வீட்டையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஐ.ஆர்.எஸ். செய்ய முடிந்தது, உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டில் பிடித்துக்கொள்வது. பல்லில்லாத பாம்பு. ஆனாலும் நாடே அதைப் பார்த்து அலறியது.

வரியா, தண்டனையா

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 மார்ச் 26 முதல் 28 வரை மூன்று நாள் வாதம். சாதாரண வழக்குக்கு ஒரு மணி நேரம்தான் தருவார்கள்.

எதிர்ப்பவர்கள் கேட்டது இது: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வணிகமே செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் 'போய் வாங்கு' என்று சொல்ல அதிகாரம் உண்டா? நீதிபதி ஸ்காலியா இங்கேதான் புரோக்கோலியை எடுத்தார். எல்லோரும் சாப்பிட வேண்டும், ஆகவே எல்லோரும் உணவுச் சந்தையில் இருக்கிறார்கள், ஆகவே புரோக்கோலி வாங்கச் சொல்லலாமா? பெரியண்ணாவின் கடை வாசல் கேள்விதான், நீதிமன்ற உடுப்பில்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் டொனால்ட் வெரில்லிக்கு ஒரு தர்மசங்கடம். 1867ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, வரி ஒன்றைக் கட்டுவதற்கு முன்பே அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது. அப்படியானால் வழக்கே 2015 வரை காத்திருக்க வேண்டும். அரசு அதை விரும்பவில்லை. ஆகவே திங்கட்கிழமை, 'அந்தச் சட்டத்தின் கணக்கில் இது வரி இல்லை' என்று வாதாட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையோ, 'வரி போடும் அதிகாரத்தின் கீழ் இது செல்லும்' என்று வாதாட வேண்டும். நீதிபதி அலிட்டோ அதைச் சுட்டிக்காட்டினார்: இன்று வரி இல்லை என்கிறீர்கள், நாளைக்கு வந்து வரி என்பீர்களா? போதாததற்கு, இது வரி உயர்வே இல்லை என்று 2009இல் ஒபாமாவே தொலைக்காட்சிப் பேட்டியில் மறுத்திருந்தார்.

ஜூன் 28 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பை வாசித்தார். புஷ் நியமித்தவர். அவர் நியமனத்துக்கு எதிராக ஓட்டுப் போட்ட செனட்டர்களில் ஒபாமாவும் ஒருவர். தீர்ப்பின் முதல் பகுதியில், வணிக அதிகாரத்தின் கீழ் இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்றார். அவ்வளவையும் கேட்டுவிட்டு சி.என்.என்.னும் ஃபாக்ஸும் சட்டம் விழுந்தது என்று அறிவித்துவிட்டன. வெள்ளை மாளிகையில் ஒபாமா அந்தத் திரையைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்றே சில கணங்கள் நினைத்தார். அவருடைய சட்ட ஆலோசகர் வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவசரப்பட்டு ஃபார்வர்டு பண்ணும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு இதை அர்ப்பணிக்கிறேன்.

இரண்டாம் பகுதியில் ராபர்ட்ஸ் சொன்னது: சட்டம் இதை அபராதம் என்று அழைக்கலாம், ஆனால் பெயரை விட்டு அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஐ.ஆர்.எஸ். வசூலிக்கிறது. வருமானத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. தொகை இன்சூரன்ஸ் விலையை மிஞ்சாது. கட்டிவிட்டால் நீங்கள் எந்தச் சட்டத்தையும் மீறியவர் இல்லை. ஆற்றலைச் சேமிக்கும் சன்னல் பொருத்தாத வீட்டுக்காரருக்கு 50 டாலர் கூடுதல் வரி என்றால் அதை வரி என்றுதானே சொல்வோம்? 5க்கு 4. சட்டம் பிழைத்தது. மெடிகெய்ட் விரிவாக்கத்தை மட்டும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். அது தனிக் கதை, சோகக் கதையும்கூட.

பெரியண்ணா வட்டம் போட்டு அடைத்த வரி, 'வரி' என்று அன்றைக்குத்தான் முடிவானது. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப நான் குற்றவாளி இல்லையா?" என்றார். சட்டப்படி இல்லை.

கட்டியவர்கள்

2014ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் பேர் இந்தத் தொகையைக் கட்டினார்கள், சராசரி 210 டாலர். 2015க்கு ஏறத்தாழ 65 லட்சம் பேர், சராசரி 470 டாலர். பெரிய பணக்காரர்கள் இதில் குறைவு. அவர்களுக்கு வேலையோடு இன்சூரன்ஸ் இருந்தது. கட்டியவர்களில் மிகப் பலர் நடுத்தர, குறைந்த வருமானக்காரர்கள். 2015இல் தனியாளின் வருமானம் 46,680 டாலரைத் தாண்டினால் மானியம் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் 48,000 சம்பாதிக்கும் ஒருவர் முழுப் பிரீமியமும் கட்ட வேண்டும். இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லாமல் இருக்க வேண்டும். அவருடைய கோபத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. மொய் எழுதச் சொல்வது நியாயம். ஆனால் மொய்த் தொகை அவர் மாதச் சம்பளத்தைத் தின்னக் கூடாது அல்லவா? பெரியண்ணா நிலைமை வேறு. அவர் வருமானத்துக்குக் கொஞ்சம் மானியம் கிடைத்திருக்கும். அவர் அந்த இணையதளத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 26 வயது முடிகிறவர்களுக்கு அந்தச் சந்தையில் சேர 60 நாள் அவகாசம் உண்டு என்பதும் அவருக்குத் தெரியாது. இதைப் படிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

2017இல் ஆட்சி மாறியது. ஜூலை 28 அதிகாலையில், கட்டாயத்தை நீக்கும் மசோதாவை ஜான் மெக்கெய்ன் செனட்டில் கட்டை விரலைக் கீழே காட்டித் தோற்கடித்தார். ஆனால் டிசம்பர் 22 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தில் அதே வேலை சத்தமில்லாமல் முடிந்தது. பிரிவை அழிக்கவில்லை. 695 டாலர் இருந்த இடத்தில் 0, 2.5 சதவீதம் இருந்த இடத்தில் பூஜ்யம். 2019 முதல் அமல். 'நீ காப்பீடு வைத்திருக்க வேண்டும்' என்ற வாக்கியம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, விலைச் சீட்டு மட்டும் காலி.

அந்தப் பூஜ்யமும் நீதிமன்றம் ஏறியது. டெக்ஸாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் கேட்டன: தொகையே இல்லாதது எப்படி வரியாகும்? வரி இல்லையென்றால் ராபர்ட்ஸ் கொடுத்த ஆதாரம் போயிற்று, ஆகவே முழுச் சட்டமும் செல்லாது. 2018 டிசம்பரில் கீழ் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அதை ஏற்றே விட்டார். 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று வழக்கைத் தள்ளியது. பூஜ்யம் டாலர் கட்டச் சொன்னதால் உங்களுக்கு என்ன நஷ்டம், வழக்குப் போட உங்களுக்கு என்ன தகுதி என்பதே பதில்.

அபராதம் போனதும் சந்தை சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படிச் சரியவில்லை. வருமானத்துக்கு ஏற்ற மானியம் பெரும்பாலோரை உள்ளே பிடித்து வைத்தது. குச்சியைவிட வெல்லத்துக்குத்தான் வலிமை அதிகம் போலும். இருந்தாலும் சில மாநிலங்கள் குச்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் விடவே இல்லை. பழைய அனுபவத்தில் சூடுபட்ட நியூ ஜெர்சி 2019 முதல், கலிபோர்னியாவும் ரோட் ஐலண்டும் 2020 முதல். தலைநகர் வாஷிங்டனிலும் 2019 முதல் உண்டு. எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ இருந்தால் உங்கள் மாநிலப் படிவத்தில் அந்தக் கேள்வி இப்போதும் இருக்கிறது.

பிரிக்காத உறை

ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2016 முடிந்து 2017 பிறக்கும் குளிர்காலத்தில், அபராதம் கட்டியிருந்த குடும்பங்களுக்கு ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பத் திட்டமிட்டது. காப்பீடு இல்லாததற்காக நீங்கள் பணம் கட்டினீர்கள், காப்பீடு பெற இன்ன வழிகள் உண்டு என்று சொல்லும் சாதாரணக் கடிதம். மொத்தம் 45 லட்சம் குடும்பங்கள். எல்லோருக்கும் அனுப்பப் பணம் போதவில்லை. குலுக்கிப் போட்டு 39 லட்சம் பேருக்கு அனுப்பினார்கள். 6 லட்சம் பேருக்கு அனுப்பவில்லை.

மருந்துப் பரிசோதனையில் வேண்டுமென்றே செய்வதைத் தபால் செலவு தற்செயலாகச் செய்துவிட்டது. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரியான மனிதர்கள்; வித்தியாசம் அந்த உறை மட்டும். கோல்டின், லூரி, மக்கபின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அடுத்த இரண்டு ஆண்டு என்ன ஆனது என்று பார்த்தார்கள். கடிதம் போன வீடுகளில் கொஞ்சம் கூடுதலான பேர் காப்பீடு வாங்கினார்கள். 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், கடிதம் போன ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் குறைந்திருந்தது. மொத்தத்தில் எழுநூறு உயிர்கள் அளவில் என்று கணக்கிட்டார்கள். காப்பீடு உயிரைக் காக்குமா என்று பல ஆண்டுகளாகப் பொருளாதார அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தபால் தலைக் கணக்கு அதற்குச் சாட்சி சொன்னது.

அபராதம் இருந்ததால்தான் யாருக்குக் காப்பீடு இல்லை என்ற பட்டியல் அரசின் கையில் இருந்தது. 61ஆம் வரியில் எழுதிய ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் ஒரு முகவரி இருந்தது. அந்த வரியே இப்போது இல்லை. இன்று அப்படி ஒரு கடிதம் அனுப்ப நினைத்தால், யாருக்கு என்று எழுதுவது? கடிதம் போகாத அந்த 6 லட்சம் வீடுகளையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் யாருக்கும் தாங்கள் விடுபட்டது தெரியாது.

பெரியண்ணாவும் 2015க்குக் கட்டியவர். "உங்களுக்கு அந்தக் கடிதம் வந்துச்சாண்ணா?"

"ஐ.ஆர்.எஸ்.லேர்ந்து ஏதோ வந்துச்சு. இன்னும் காசு கேக்குறாங்கன்னு நினைச்சுப் பிரிக்கவே இல்ல."

பெட்டியைத் துழாவினோம். ரசீதுகளுக்கு அடியில் இல்லை. படிவத்தின் நகலை அவர் மடித்து மறுபடி உள்ளேயே வைத்தார். அண்ணி அடுக்களையிலிருந்து, மகளின் தடுப்பூசி அட்டையை எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று சத்தம் கொடுத்தார்கள். அதைத் தேட இன்னொரு அரை மணி நேரம் போனது.